பிளாப்பிக்கு வைத்த பொட்டு

எண்பதுகளின் கடைசியில் தருமபுரியில் எங்கள் கல்லூரிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கல்லூரியிலேயே ஏ.சி. போட்ட அறை அதற்குத்தான், முதல்வருக்குக்கூட மின்விசிறிதான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நிற்போம். பேராசிரியர் மட்டும் தொடுவார். "தொட்டுடாதீங்கம்மா, கெட்டுப்போயிடும்" என்பதுதான் அவர் நடத்திய முதல் பாடம். இரண்டாவது பாடம் நடத்தினாரா என்று எனக்கு நினைவில்லை.

எனக்கோ செய்முறைத் தேர்வில் பாஸாகியே தீர வேண்டும். காரிமங்கலத்தில் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "பாஸ் பண்ணுனா பெங்களூருக்கு வேலைக்குப் போ பாப்பா, நான் தடுக்கல. இல்லீன்னா தை மாசம் கல்யாணம்." கல்யாணத்திலிருந்து தப்பிக்க எனக்கு வேறு வழியில்லை. விழுந்து விழுந்து படித்தேன். பேராசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடி, என் புரோகிராமைக் கம்ப்யூட்டரில் அடித்து, பிளாப்பி என்கிற கறுப்புச் சதுர அட்டையில் பதிந்து வைத்தேன். தேர்வன்று அதை உள்ளே போட்டு ஓட்டிக் காட்டினால் போதும்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. பேராசிரியர் பக்திமான். கம்ப்யூட்டருக்கு மாலை போட்டார், பூசணிக்காய் உடைத்தார். பிளாப்பிகளையெல்லாம் உறையை உருவி மேசையில் பரப்பி, தம் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார். பிளாப்பியில் உள்ளிருக்கும் தகடு தெரிகிற மாதிரி நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். கம்ப்யூட்டர் தொட்டுப் படிக்கிற இடமே அதுதான். பொட்டு வைக்க அதைவிடத் தோதான இடம் ஏது? ஒன்று விடாமல் அங்கேயே வைத்துவிட்டார்.

தேர்வன்று சேலத்திலிருந்து தேர்வாளர் வந்தார். என் பிளாப்பியைப் போட்டதும் மிஷின் கர்ரென்று முனகி நின்றுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் அதை உருவிப் பார்த்தார்.

"என்னாங்க சார் இது?"

"பூஜைங்க சார். மிஷினுக்குப் பொட்டு வெக்காம உடலாமுங்களா?" என்றார் எங்கள் பேராசிரியர்.

தேர்வாளர் நெற்றியிலும் பட்டையாகத் திருநீறு. என்னத்தைச் சொல்வார்? "சரி வுடுங்க. ஓடுனா என்னா வந்திருக்கும்னு பேப்பர்ல எழுதிக் குடும்மா" என்றார். எழுதிக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் செய்திருக்க வேண்டியதை நானே செய்து, வகுப்பிலேயே முதலாவதாக வந்தேன்.

பெங்களூரில் எந்த விடுதியில் தங்குவது என்றுகூட விசாரித்து வைத்துவிட்டேன். ஒரு வாரம் போனது. வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அப்பாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணுன்னதும் அவங்களே தேடி வந்துட்டாங்க பாப்பா. பெயிலாயிருந்தா இப்பிடி ஒரு எடம் அமையுமா? நீ கேட்ட மாதிரியே மாப்பிள்ளைக்குப் பெங்களூர்லதான் வேலை."

எனக்குப் பாஸ் போட்ட அந்தச் சேலத்துக்காரர் மட்டும் அன்றைக்குக் கையில் கிடைத்திருந்தால், நடந்திருப்பதே வேறு.