"ஹெட்ஸ் அப்" என்று கத்தினேன்

மூன்று வருடத்துக்கு முன் நடந்தது. மாத்தளையிலிருந்து நாலந்தா போகும் வழியில் உள்ள ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் நான் வழிகாட்டி. வெள்ளைக்காரர்களுக்கு ஏலக்காயையும் கறுவாப்பட்டையையும் காட்டி இங்கிலீஷில் பேசுவதுதான் என் பிழைப்பு.

எங்கள் முதலாளி வாட்ஸ்அப்பில் "ஹெட்ஸ் அப், நாளைக்கு ரெண்டு வேன்" என்று போடுவார். முன்கூட்டியே உஷார்படுத்தச் சொல்வது என்று மகள் விளக்கினாள். பிறகு நான் விடவில்லை. சீனி முடிந்தாலும் வீட்டில் ஹெட்ஸ் அப்தான்.

"தலையில என்னங்க, பேன் ஏறிடுச்சா?" என்றாள் மனைவி.

அன்று பலா மரத்தில் ஒரு காய்ந்த கிளையை வெட்ட ஆள் ஏறியிருந்தார். கீழே யாரும் வராமல் பார்ப்பது என் பொறுப்பு. நானோ பக்கத்தில் நின்ற நாலு வெள்ளைக்காரர்களிடம் மிளகின் மகிமையை அளந்துகொண்டிருந்தேன். தோட்டம் கூட்டும் அக்கா மரத்தடிக்கு வந்ததைக் கவனிக்கவில்லை. மேலே கிளை முறிகிற சத்தம் கேட்டபோதுதான் பார்த்தேன்.

"ஹெட்ஸ் அப்" என்று கத்தினேன். வெள்ளைக்காரர்கள் சட்டென்று விலகினார்கள். அக்கா கூட்டுவதை நிறுத்தி, முகத்தை நன்றாக மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

மரத்தில் இருந்தவர், "அக்கா, ஓடுங்க" என்று அலறினார். அக்கா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினார். அவர் நின்ற இடத்திலேயே கிளை விழுந்தது. விளக்குமாறு இரண்டு துண்டு.

நான் அக்காவிடம் ஓடினேன். அக்கா புடவையைத் தட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"ஏன் தம்பி, தலையத் தூக்குன்னுதானே சொன்னீங்க?"

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமாக்கா?"

"இருபது வருஷம் தேயிலை மலையில கொழுந்து எடுத்தேன். தொர இங்கிலீஷ்ல சொன்னா ஒடனே செய்யணும். ஏன்னு கேக்கக் கூடாது. அந்தப் பழக்கம்தான். அடுத்த தடவ ஓடுன்னு சொல்லுங்க, ஓடுறேன்."

மறுநாள் புது விளக்குமாறு வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு தம்பி?" என்றார். தெரிந்தும் நான் சொல்லவில்லை.

முதலாளி இன்றும் அந்த வார்த்தையைப் போட்டுத்தான் வாட்ஸ்அப் அனுப்புகிறார். அதைப் பார்த்ததும் என் தலை மட்டும் தானாகக் கீழே குனிந்துவிடுகிறது.