சின்னம்மாவும் நானும் பார்த்த பேய்ப்படங்கள்

பேய்ப்படம் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை. சின்னம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்தேன், அவ்வளவுதான். ஒரு படத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அது ஒரு பருவம் முழுக்க நீண்டது.

அப்போது நான் நான்காம் வகுப்பு. எங்கள் வீடு கே.ஜி.கண்டிகையில், பஸ் நிற்கிற இடத்து டீக்கடைக்கு நேர் எதிரே. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா கரும்பு போட்டிருந்தார். பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தபோது, ஒரு மதியம் எங்கள் வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து சின்னம்மா ஒரு கட்டைப்பையோடு இறங்கினாள். அம்மாவுக்கு ஒரே தங்கை. அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எப்போது வந்தாலும் எனக்கு ஒரு மிக்சர் பொட்டலமாவது வாங்கி வருவாள். அன்று பையை எட்டிப் பார்த்தேன், துணிதான் இருந்தது. குனிந்தபோதுதான் அவள் காலைக் கவனித்தேன்.

"சின்னம்மா, உன் செருப்பு எங்க?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் அடுத்த கேள்வியை விழுங்கிக்கொண்டேன்.

சின்னம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குச் சொன்னார்கள். தூங்கும்போது நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சுடவில்லை. ஆனால் ஏதோ நோய்தான் என்பது தெரிந்தது. குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப்போடும். டீக்கடையில் பைக் வந்து நின்றால் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். பேசினால் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோக வேண்டும். சாப்பாடு என்று அவள் சாப்பிட்டது எங்கள் வீட்டுக் கோழிக்குக்கூடப் போதாது.

எங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, திருத்தணி மார்க்கெட் பக்கம் செல்போன் ரீசார்ஜ் கடை இருந்தது. எந்த நோய்க்கும் சினிமாதான் மருந்து என்பது அவருடைய வைத்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவில் ஒரு சிரிப்புப் படத்தை ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் டிவிடி பிளேயரில் சொருகினார். நாங்கள் எல்லோரும் உருண்டு சிரித்தோம். சின்னம்மா பாதியில் எழுந்துபோய் அரிசி புடைக்க ஆரம்பித்தாள்.

அடுத்த ஞாயிறு மாமா ஒரு குடும்பப் படம் என்று நினைத்துப் போட்டார். அது பேய்ப்படமாக இருந்தது. தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாற்றியது. வாய் ஒன்று பேசும், குரல் வேறொன்று பேசும். எனக்கு அதுவே பயமாக இருந்தது. ஒரு குடும்பம் மலை பங்களா ஒன்றுக்குக் குடிவருகிறது. பட்டப்பகலில், தரையில் ஈரமான காலடித் தடங்கள் தோன்றுகின்றன. ஆள் இல்லை, தடம் மட்டும். கொல்லையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து படுக்கையறைக் கதவுக்கு. மாமா நிறுத்தப் போனார். சின்னம்மா அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். இன்னொரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

படுக்கையறைக் கதவு தானாகத் திறந்தபோது சின்னம்மா கத்தினாள்.

அப்படி ஒரு கத்தலை எங்கள் வீடு கேட்டதில்லை. எதிர் டீக்கடையிலிருந்து, "இன்னாங்க சத்தம் அங்க?" என்று குரல் வந்தது. அம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். மாமா படத்தை அப்படியே நிறுத்திவிட்டு சின்னம்மாவைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை அகல விரித்து எங்களைப் பார்த்தாள். பிறகு பொத்திய கைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. முதலில் மூக்கில், பிறகு தோளில், பிறகு உடம்பு முழுக்க. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அம்மா உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. இவ்வளவு நேரம் எந்தப் பாத்திரத்தைக் கழுவுகிறாள் என்று நினைத்தேன்.

மாமா கிளம்பும்போது சின்னம்மா வாசல்வரை வந்தாள். "டேய், வர்ற வாரமும் இந்த மாதிரி ஒண்ணு எட்தாடா" என்றாள். நான் நின்ற இடத்திலிருந்தே அது தெளிவாகக் கேட்டது.

அன்றைக்கு ஆரம்பித்தது என் கஷ்டகாலம். வாரம் தவறாமல் ஒரு பேய் பென்டிரைவில் வந்து இறங்கியது. பொம்மைக்குள் இருக்கிற பேய், கிணற்றுச் சுவரில் உட்காருகிற பேய், தெரிந்தவர்கள் குரலில் கூப்பிடுகிற பேய். எல்லாவற்றையும் நான் பார்த்தாக வேண்டும். ஏனென்றால் என் கை இல்லாமல் சின்னம்மா படம் பார்க்க மாட்டாள். பயம் வரும்போதெல்லாம் என் கையை நசுக்குவாள். படம் முடியும்போது அவள் நகம் பதிந்த இடங்கள் பிறைபிறையாகச் சிவந்திருக்கும். அவள் எழுந்துபோய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு நன்றாகச் சாப்பிடுவாள். எனக்குத் தொண்டையில் இறங்காது. அவள் படுத்தவுடன் தூங்கிவிடுவாள். நான் அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஈரக் காலடிதான் என்னை ரொம்பப் படுத்தியது. ஒருநாள் குளித்துவிட்டு வீட்டுக்குள் வரும்போது திரும்பிப் பார்த்தேன். சிமெண்ட் தரையில் ஈரத் தடங்கள், நேராக என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. ஓடினேன். அவையும் ஓடிவந்தன. வீட்டைச் சுற்றி வந்து அம்மாமேல் போய் மோதினேன். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அது உன் காலுடி" என்று என் பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஒரு கட்டத்தில் அழுதுவிட்டேன். "எனக்கு பயமா இருக்குதும்மா. நான் இனிமே பாக்கல."

அம்மா என்னை மடியில் இழுத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்ச நாள் உக்காரு பாப்பா. உன் சின்னம்மாவுக்கு நீதான் தைரியம்."

அந்த வீட்டிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி நான்தான். என்னைப் போய் ஒருத்திக்குத் தைரியம் என்று சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடியும் போய் உட்கார்ந்தேன். சின்னம்மா கத்தும்போது நானும் கத்த ஆரம்பித்தேன். யார் சத்தம் பெரிது என்று எங்களுக்குள் போட்டியே நடந்தது. மாமா நடுவராக இருந்து, "போன வாரத்துக்கு இந்த வாரம் தேவல" என்பார். வாரத்துக்கு வாரம் சின்னம்மாதான் ஜெயித்தாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. நைனா புஷ்பக் காவடி எடுக்கிறார். வீட்டில் எல்லோரும் திருத்தணி மலைக்குப் போகிறார்கள். நான் வரமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டேன். குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டு ஜனங்கள் ஈரத்துணியோடு படியேறுவார்கள். படி முழுக்க ஈரக் காலடியாக இருக்கும். எது மனுஷன் கால், எது பேய்க்கால் என்று எப்படித் தெரியும்?

"சாமி மலையில பேய் இன்னாத்துக்குடி வருது?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் வற்புறுத்தவில்லை. சின்னம்மாவும் கூட்டத்துக்குள் வர மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் வீட்டில் விட்டுவிட்டு, கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மதியம் சின்னம்மா முந்தின வாரத்துப் படத்தை மறுபடி போட்டாள். தெரிந்தவர்கள் குரலில் பேய் கூப்பிடுமே, அந்தப் படம். நல்ல கட்டத்தில் வெளியே மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. டிவி அணைந்ததும் மழைச் சத்தம் வீட்டுக்குள் வந்துவிட்டது போல இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் வாசல் கேட்டின் கொண்டி கிறீச்சிட்டது.

ஜன்னலிலிருந்து பார்த்தால் வராண்டாவின் தரை தெரியும். கதவை ஒட்டி நிற்கிறவர் தெரிய மாட்டார். நான் எட்டிப் பார்த்தேன். தரையில் ஈரக் காலடித் தடங்கள். படியிலிருந்து வராண்டாவுக்கு, வராண்டாவிலிருந்து எங்கள் கதவுக்கு. ஆள் இல்லை.

நான் கத்தினேன். சின்னம்மா சிரித்தாள். "ஏ, படம்தான் நின்னுபோச்சே. இன்னாத்துக்குக் கத்துற?"

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"நான்தான். கதவத் தொற."

படம் பார்க்கும்போது பயம் வந்தால் சின்னம்மாவின் கை என் கையை இறுக்கும். அன்று அப்படி நடக்கவில்லை. அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து என் கையிலிருந்து நழுவின. அவள் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ பேய்களுக்கு அவள் பயந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"வீட்ல எல்லாம் மலைக்குப் போய்கிறாங்கன்னு தெரியும். வண்டி எட்தாந்துகிறேன். ஒழுங்கா கெளம்பு" என்றது குரல்.

அது சித்தப்பாவின் குரல். எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்தான். சின்னம்மாவோடு வரும்போதெல்லாம் எனக்குச் சாக்லேட் தருகிற சித்தப்பா. ஆனால் இப்போதுதானே பார்த்தேன், பேய் தெரிந்தவர்கள் குரலில்தான் கூப்பிடும் என்று. ஈரக் காலடியும் இருக்கிறது. இனி சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"தொறக்காத சின்னம்மா! பேய் சித்தப்பா மாதிரி பேசுது!"

கதவில் ஓங்கி ஓர் உதை விழுந்தது. தாழ்ப்பாள் அதிர்ந்தது. நான் நடுவர் இல்லாத போட்டியில் என் உயிரைக் கொடுத்துக் கத்தினேன். "பேய்! பேய்!" சின்னம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் கத்தியது மழையையும் தாண்டிப் போனது.

"நான் வரமாட்டேன்! போ! இங்கிருந்து போய்டு! வரமாட்டேன்!"

எதிர் டீக்கடையில், மலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். எல்லோரும் மஞ்சள் துணியும் ஈரக்காலுமாக ஓடிவந்தார்கள். வராண்டா முழுக்க ஒரே ஈரத் தடம். டீக்கடைக்காரர் முன்னால் வந்தார்.

"யாருய்யா நீ? பொம்பள இருக்கிற வீட்ல கதவ ஒதைக்கிற?"

"நான் அவ புருஷன். இது எங்க குடும்ப விஷயம். நீங்க போங்க."

கூட்டத்திலிருந்து மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மா முன்னால் வந்தார். அவரை அதற்கு முன்னும் நாங்கள் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. "அந்தப் பொண்ணுதான் வரமாட்டேன்னு ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லுதே. உனக்கு மட்டும் காதுல வுழலயா?" என்றார்.

சித்தப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் நகரவில்லை. அவர் படியிறங்கி, மழையில் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

சின்னம்மா கதவைத் திறந்தாள். வந்த நாளிலிருந்து பகலில் வாசலுக்கு வந்து நிற்காதவள், அத்தனை பேருக்கு முன்னால் வந்து நின்றாள். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துக் குனிந்தார்.

"நீ இன்னாத்துக்குப் பாப்பா பேய் பேய்னு கத்துன?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேய் பைக் ஓட்டாது என்கிற அளவுக்கு எனக்கும் விவரம் இருந்தது. சொந்தச் சித்தப்பாவைப் பேய் என்று சொன்னதற்கு வீட்டில் அடி விழும் என்று நினைத்தேன்.

"ஆங், பேய்தாங்க" என்றாள் சின்னம்மா. அவள் குரல் கரகரத்துப் போயிருந்தது. "வந்துச்சு. போய்டுச்சு."

என்னைக் காப்பாற்றத்தான் அவள் அப்படிப் பொய் சொல்கிறாள் என்று நினைத்து, நன்றியோடு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மாவும் நைனாவும் வந்தார்கள். மாமா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். அதில் சின்னம்மாவின் குரல்தான் அதிகம் கேட்டது. அதற்கப்புறம் போலீஸ் ஸ்டேஷனுக்கும் வக்கீல் வீட்டுக்கும் பலமுறை போய்வந்தார்கள். சின்னம்மா ஒவ்வொரு முறையும் கூடப் போனாள். ஒருதடவை வரும்போது புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள். கொஞ்ச நாளில் திருவள்ளூர் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. காலையில் பஸ் பிடித்துத் திருத்தணி ஸ்டேஷன் போய், அங்கிருந்து ரயிலில் போகிற வேலை.

அவள் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிறு மாமா பென்டிரைவோடு வந்தார். எனக்குள் அதற்குள் என்னமோ ஆகியிருந்தது. வந்தது சித்தப்பாதான் என்று தெரிந்தும், பேயை நேரில் விரட்டியவள் என்கிற நினைப்பு. நானே டிவியைப் போட்டு, பாயை விரித்து, கையை நீட்டி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"சின்னம்மா, வா. ஆரம்பிக்கப் போவுது."

அவள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சுடிதாரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ பாரு பாப்பா. எனக்கு வேணாம்."

அடுத்த வாரமும் வேண்டாம் என்றாள். அதற்கடுத்த வாரம் மாமாவே சிரிப்புப் படம் கொண்டுவந்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்று வந்ததை நேரில் பார்த்ததிலிருந்து சின்னம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பாவம், இனி அவளால் பேய்ப்படம் பார்க்கவே முடியாது. அம்மாவிடம் போய் ரகசியமாகச் சொன்னேன்.

"அம்மா, சின்னம்மா ரொம்ப பயந்துபோயிட்டாம்மா."

அம்மா என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. அவளும் தங்கையை நினைத்து அழுகிறாள் போலிருக்கிறது என்று நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால், பஸ் நிற்கிற இடம்வரை சின்னம்மாவுக்குத் துணையாகப் போனேன். வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. பஸ் வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத சின்னம்மா" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். பஸ் வந்ததும் கையை விட்டுவிட்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரமாக இடம் பிடித்து, யாரோ தெரிந்த பெண்ணோடு சத்தமாகப் பேச ஆரம்பித்துவிடுவாள். என் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டாள். பயத்தை என்னிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்று எவ்வளவு பாடுபடுகிறாள் என்று எனக்குப் பாவமாக இருக்கும்.