விமானத்தைத் திருப்பி வைத்த மகள்

என் கணவர் மாரடைப்பால் இறந்தபோது மகளுக்கு ஆறு வயது. செத்தவீடு முடியும்வரை அவளைத் தங்கை வீட்டில் விட்டு, "அப்பா கனடாவுக்குப் போயிட்டார்" என்று சொன்னோம். எங்கள் அனலைதீவில் எத்தனையோ பிள்ளைகளின் அப்பாமார் வெளிநாட்டில்தான். நம்பிவிட்டாள் என்றே நினைத்தேன். ஆனால் பேச்சுக் குறைந்தது, சாப்பாடும் இறங்கவில்லை.

ஊர்காவற்றுறையில் உளவளத்துணை செய்யும் மிஸ் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அங்கே மணல் நிரப்பிய பெட்டியும், அலுமாரி நிறையச் சின்னப் பொம்மைகளும் இருந்தன. "பிள்ளை விரும்பினபடி விளையாடட்டும். நீங்கள் ஒண்டும் கேளாதேங்கோ" என்றார். வைத்தியத்துக்குக் கூட்டிவந்தால் மண் விளையாட்டா என்று எனக்கு எரிச்சல்.

சில கிழமைகள் வெறுமனே மணலை அளைந்தாள். ஒருநாள் வீடு கட்டி, வாசலில் அம்மா பொம்மையை வைத்தாள். அப்பா பொம்மையை மணலில் புதைத்து, மேலே ஒரு பூ வைத்தாள். கையில் எடுத்த விமானத்தை அலுமாரியிலேயே திருப்பி வைத்துவிட்டு, மிஸ்ஸிடம் தணிந்த குரலில் சொன்னாள்:

"அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ மிஸ். அவ அழுவா."

கதவோரக் கதிரையில் இருந்த எனக்கு அது கேட்டது.

அன்றைக்கே உண்மையைச் சொன்னேன். மெல்ல மெல்லப் பேச்சும் பசியும் திரும்பின. இப்போது எனக்கு அழுகை வந்தால், அதை மறைக்கக் குசினி அடுப்படிக்கு ஓடுவதில்லை. அவளுக்குப் பக்கத்திலேயே இருந்து அழுகிறேன்.