வாளில் தெறித்த ஒளி

அரியாலையில் ஒரு கடைக்காரரை நடுப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். பார்த்தவர்கள் பலர் இருந்தும் பொலிசில் வாய் திறந்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் ஆய்வுகூடத்தில் கருவிகளைப் பராமரிப்பவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் அண்ணை என்றே கூப்பிடுவேன். வாக்குமூலம் கொடுத்த கிழமையே அவருடைய வீட்டு வாசல் படலையில் ஒரு நாயின் தலையை வெட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதைக் கழற்றிப் புதைத்துவிட்டு வேலைக்கு வந்தார்.

“கொஞ்ச நாள் லீவு போடுங்கோ அண்ணை,” என்றேன்.

“வீட்டிலை இருந்தால் பிள்ளையளையும் சேத்து வெட்டுவாங்கள். இஞ்சை எண்டால் நான் மட்டும்தானே.”

அதே அறையில் நானும் இருப்பேன் என்பது அப்போது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நான் வெளிநாட்டில் படித்த இடத்தில் கழித்துவிட்ட லேசர் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கப்பலில் எடுப்பித்திருந்தேன். அதன் ஒளி துடிப்புத் துடிப்பாக வரும். ஒரு வினாடியைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒரு துண்டை மறுபடி கோடியாகப் பிரித்தால், அப்படிப் பத்துத் துண்டுதான் ஒரு துடிப்பின் ஆயுள். சக்தி முழுவதும் அந்த இடுக்குக்குள் நெருங்கி வருவதால் இரண்டு ஒளித்துகள்கள் ஒரே கணத்தில் ஒரு சாய மூலக்கூறில் விழும். மூலக்கூறு பச்சையாக மிளிரும். அந்த மிளிர்வைக் கொண்டு உயிரோடு இருக்கிற தசைக்குள் ஆழமாகப் பார்க்கலாம். சற்றுக் கூடினால் தசை கொதித்துக் குமிழி வெடிக்கும். கொழும்புத்துறைக் கடலில் பிடித்த, கண்ணாடி போன்ற இறால் குஞ்சுகள் எத்தனையோ அப்படி எங்கள் கண்முன்னே செத்தன. துடிப்பின் நிறங்களைப் பிரித்து, சிலதை முந்தவும் சிலதைப் பிந்தவும் விட்டு, அதன் வடிவத்தை மாற்றினால் குஞ்சைக் கொல்லாமல் பார்க்கலாமா என்று தேடிக்கொண்டிருந்தோம்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம். லேசர் மேசையின் மூடியைக் கழற்றிவிட்டு ஒளியின் பாதையைத் திருத்திக்கொண்டிருந்தோம். யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தோம். இருவர் கண்ணிலும் பாதுகாப்புக் கண்ணாடி. கதவில் ஓர் உதை விழுந்தது. இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் பிய்ந்தது.

முகத்தில் துணி கட்டிய மூன்று பேர். முன்னால் வந்தவன் ஒன்றும் கேட்கவில்லை, வெட்டினான். அண்ணை இடது கையைத் தூக்கினார். முதல் வெட்டு மணிக்கட்டுக்கு மேலே விழுந்து எலும்பு தெரிந்தது. அடுத்த வெட்டில் அவருடைய சின்னவிரலும் மோதிரவிரலும் நிலத்தில் கிடந்தன. என் கையில் வில்லைகளைப் பொருத்தும் இரும்புத் தண்டு இருந்தது. அதை வீசி அவன் வாயில் அடித்தேன். பல் உடைவது கைக்குத் தெரிந்தது. இரண்டாமவன் என் தலைமயிரைப் பிடித்து அலுமாரியில் மோதினான். நான் விழுந்தேன்.

மூன்றாமவன் மெலிந்தவன். அவன் மேசைப் பக்கம் திரும்பி வாளை ஓங்கினான்.

“அதிலை கை வையாதை. கண் போயிடும்,” என்றேன், கிடந்தபடியே.

“முதல் உன்ரை கண்ணைப் பார்,” என்றான்.

வாள் புதிது, நன்றாகத் தீட்டியது. வீசிய வீச்சில் அது ஒளியின் பாதையைக் குறுக்கே வெட்டியது. கண்ணுக்கு மங்கல் சிவப்பாகக்கூடச் சரியாகத் தெரியாத ஒளி அது, அலகில் தெறித்து அவன் கண்ணுக்குள் போனது. அவன் வாளைப் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தான்.

“தலைக்குள்ளை ஏதோ வெடிச்சிட்டுது,” என்று அலறினான்.

“சுடுறாங்களடா,” என்று இரண்டாமவன் சொன்னான். அடுத்த நிமிடம் வெளியே மோட்டார் சைக்கிள் சீறிப் போனது. வாயில் இரத்தத்தோடு முதலாமவனும் அதில் போய்விட்டான்.

நான் தவழ்ந்து போய் லேசரை நிறுத்தினேன். திரும்பியபோது அண்ணை நல்ல கையில் அந்த வாளை எடுத்துக்கொண்டு அந்த மெலிந்தவனுக்கு மேலே நின்றார். வெட்டுப்பட்ட கையிலிருந்து இரத்தம் அவன் முதுகில் ஒழுகியது.

“அண்ணை, வையுங்கோ.”

“உவன் என்ரை பிள்ளையளை விட்டு வைப்பானோ?”

வாளைத் திருப்பி, முதுகுப்பக்கத்தால் அவன் தோளில் ஓங்கி ஒரு போடு போட்டார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொரு முறை ஓங்கியபோது வாள் நழுவியது. நான் என் தோளில் கிடந்த ஷோலைக் கிழித்து அவர் கையை இறுக்கிக் கட்டினேன். விரல்களைப் பொறுக்கி ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டேன்.

சந்தியில் ஒரே ஒரு ஓட்டோதான் நின்றது. பொலிஸ் வரும் வரை பார்த்துக்கொண்டிருந்தால் அண்ணை இரத்தம் போயே செத்துவிடுவார். அவனை அங்கே விட்டுப்போகவும் மனம் வரவில்லை. இருவரையும் ஏற்றி, நடுவில் நான் இருந்தேன். துணி விலகிய அவன் முகத்தில் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

“என்ரை கண் திரும்ப வருமோ, அக்கா?” என்றான்.

நான் பதில் சொல்லுமுன் அண்ணை சொன்னார்: “என்ரை விரல் திரும்ப வருமோ எண்டு முதல் கேளடா.”

விரல்களை ஒட்ட முடியவில்லை. அவனுடைய வலக்கண்ணில், விழித்திரையின் நடுவில் துளை. கண் டொக்டர் என்னைக் கூப்பிட்டு அது என்ன மாதிரி ஒளி என்று கேட்டார். நான் விளக்கினேன். இறால் குஞ்சுகளில் வெடித்த அதே குமிழிதான் அவன் கண்ணுக்குள்ளும் வெடித்திருந்தது.

வழக்கில் அவனுடைய வக்கீல் என்னைச் சாட்சிக் கூண்டில் நிற்க வைத்துக் குடைந்தார்.

“மூடியைத் திறந்து வைச்சிருந்தது நீங்கள்தானே?”

“ஓம்.”

“நீங்கள் கண்ணாடி போட்டிருந்தனீங்கள். என்ரை கட்சிக்காரருக்குக் கண்ணாடி குடுத்தனீங்களோ?”

கோட்டில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. “கண் போயிடும் எண்டு சொன்னனான்,” என்றேன். அவன் தலையைக் குனிந்தபடி, “ஓம், சொன்னவ,” என்றான். அவனுடைய வக்கீல் அதை எதிர்பார்க்கவில்லை. கோபத்தோடு வழக்குக் கோப்பை மூடினார்.

அவனுக்கு மறியல் விழுந்தது, சிறைக்குக் கொண்டுபோனார்கள். மற்ற இருவரையும் இன்னும் பிடிக்கவில்லை. தீர்ப்பு நாளன்று கோட்டு வாசலில் அவனுடைய தாய் நேரே வந்து என் கன்னத்தில் அறைந்தாள். காது கூவியது. மறுபடி ஓங்கிய கையை அண்ணை மூன்று விரல் கையால் பிடித்தார்.

“நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு பாத்தால் அவனுக்கு என்ரை தலைமயிர் தெரியுதாம், காது தெரியுதாம். முகம் இல்லையாம்,” என்றாள் அவள். “தாயின்ரை முகம் இல்லையாம்.”

அண்ணை அவள் கையை விட்டார். அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள்.

“நோகுதோ?” என்று அண்ணை கேட்டார்.

“ஓம்,” என்றேன். இருவரும் வேலைக்குத் திரும்பினோம்.