சாமி படத்துக்குப் பின்னால் போன ஆர்டர்

எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் போன காகிதம் எதுவும் திரும்பி வந்ததில்லை. போக விருப்பமில்லாத கல்யாணப் பத்திரிகை, பதில் போட விருப்பமில்லாத கடிதம், பங்காளி அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் போகும். "சாமிகிட்ட இருக்கட்டும்" என்பார் மாமனார். முடியாது என்று சொல்ல அவர் வைத்திருந்த மரியாதையான வழி அது. முருகனும் பாவம், இத்தனை வருடத்தில் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை.

எனக்கு வாத்தியார் வேலைக்கு ஆர்டர் வந்தபோது அதுவும் அங்கேதான் போயிற்று.

எண்பதுகளின் கடைசி. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் தோட்டத்து வீடு. கல்யாணத்துக்கு முன்பே நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தேன். அதியமான்கோட்டைப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில், முப்பது நாளுக்குள் சேர வேண்டும். தவறினால் வேலை அடுத்தவருக்கு. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை வருவார், ஞாயிற்றுக்கிழமை போவார். அப்பாவிடம் சொல்லுங்கள் என்றால், "நீயே கேட்டுப் பாரேன்" என்று சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிடுவார். நான் தினமும் விளக்கேற்றும்போது படத்தின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் பழுப்பு உறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முருகனைக் கும்பிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

பத்தாவது நாள் ஜீப் வந்தது. அரசாங்கத் தொலைக்காட்சிக்காரர்கள். குடும்பமும் பெண்களும் என்று ஏதோ ஒரு நிகழ்ச்சி. பதினோரு பேர் ஒரே அடுப்பில் சாப்பிடுகிற வீடு என்று யூனியன் ஆபீசில் எங்களைக் கைகாட்டியிருக்கிறார்கள். பதினோரு பேருக்கு அந்த அடுப்பில் சமைப்பது யார் என்று யாரும் கேட்கவில்லை.

சென்னையிலிருந்து வந்திருந்த அம்மாள் என்னிடம் பேசியது மொத்தம் மூன்று வாக்கியம். "காபி கொண்டு வாங்கம்மா. கேமராவைப் பார்க்காதீங்க. கொஞ்சம் சிரிங்க." நான்கு தடவை கொண்டு வந்தேன். நான்காவது தடவை காபி பச்சைத் தண்ணீராக ஆறியிருந்தது. மாமனார் அதையும் ஊதி ஊதிக் குடித்தார். இவ்வளவு நல்ல நடிகர் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பிறகு அவரைக் கேட்டார்கள், பெண்கள் வேலைக்குப் போவதைப் பற்றிப் பெரியவர் என்ன நினைக்கிறார் என்று.

மாமனார் துண்டைச் சரிசெய்துகொண்டார். "பொம்பளைங்கள வூட்டுக்குள்ளயே அடச்சு வெக்கற காலமா இதுங்க? எங்க மருமவளுக்கு வாத்தியார் வேல வந்திருக்குதுங்க. நானே கூட்டிக்கிட்டுப் போயி சேத்துட்டு வரப் போறனுங்க."

மாமியார் முருகன் படத்தையே பார்த்தார். சென்னை அம்மாள், "ரொம்ப அருமையா சொன்னீங்க" என்றார்.

ஜீப் கிளப்பிய புழுதி அடங்குமுன் ஓடிப்போய்க் கேட்டேன். "மாமா, நெசமாத்தான் சொன்னீங்களா?"

"அது டி.வி.க்கி சொன்னதும்மா. அவ்ளோ தூரத்துலருந்து வந்திருக்கறாங்க. அவங்ககிட்ட வேற என்னத்தச் சொல்றது?"

அன்று எனக்கு வந்த கோபத்துக்கு ரசத்தில் உப்பை இரண்டு மடங்கு போட்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் தான் சொன்னது அவருக்கே மிகவும் பிடித்துவிட்டது. டீக்கடையில் சொன்னார். சந்தையில் தக்காளிக்காரரிடம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் நீண்டது. ஒரு கட்டத்தில் சென்னை அம்மாள் கண்கலங்கியதாகவும், கேமராக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கியதாகவும் கேள்விப்பட்டேன். "டி.வி.ல வரட்டும், நீங்களே பாருங்க" என்று முடிப்பாராம்.

இருபத்து மூன்றாம் நாள் சாயங்காலம் நிகழ்ச்சி வந்தது. பஞ்சாயத்து டி.வி.யை மரப்பெட்டியின் பூட்டைத் திறந்து வெளியே வைத்தார்கள். ஊரே மண்ணில் உட்கார்ந்திருந்தது. மாமனாருக்கு மட்டும் நாற்காலி. காற்றில் ஆன்டெனா திரும்பி நடுவில் கொஞ்ச நேரம் கன்னடச் செய்தி ஓடியது. யாரோ ஏறித் திருப்பினார்கள். புகையில்லாத அடுப்பைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாடு வந்தது. மாட்டின் கழுத்தைச் சொறிந்தபடி மாமனார் வந்தார். நான் சிரித்துக்கொண்டே காபி கொண்டு வந்தேன். மாமனாரின் வாய் அசைந்தது, ஆனால் கேட்டது வேறு ஓர் ஆணின் குரல்: "பெரியோர் சொல் கேட்டு நடக்கும் இல்லங்களில் அமைதி நிலவுகிறது." அவ்வளவுதான். அடுத்து வயலும் வரப்பும் வந்துவிட்டன.

மறுநாள் டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள். "என்னுங்க, மருமவள வேலைக்கி அனுப்பறேன்னு சொன்னதாச் சொன்னீங்க. மாடு மட்டுந்தானுங்க வந்துச்சு!"

"சொன்னன்யா! வெட்டிப்புட்டானுங்க!"

"சரிங்க, சரிங்க." அந்த 'சரிங்க'தான் அவரைக் கொன்றது. பொய்யன் என்று நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பார்.

வீட்டுக்கு வந்து டி.வி. நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "நான் கூறிய முக்கியமான கருத்தை நீக்கியது முறையன்று" என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். பதில் வரவில்லை. அவர்களிடமும் ஒரு சாமி படம் இருந்திருக்கும்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது காலையில் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். முருகனை முன்னால் சாய்த்து உறையை எடுத்தார். "கெளம்பும்மா" என்றார். சந்தோஷத்தில் எனக்கு முதலில் செருப்பே காலில் ஏறவில்லை.

தர்மபுரியில் பஸ் மாறிப் போனோம். விளக்கெண்ணெய் ஊறி ஆர்டர் பாதி கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. தலைமையாசிரியர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார். மாமனார் அவரிடமும், "டி.வி.ல சொன்னனுங்க, வெட்டிப்புட்டாங்க, அதான் நேர்லயே கூட்டியாந்துட்டேன்" என்றார். தலைமையாசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போடும்போது அழுதுவிட்டேன்.

திரும்பும்போது மாமனார் ஒரு நிறுத்தம் முன்னதாகவே என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். டீக்கடை வாசலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். "இதா, வந்திருக்கறாங்க. அவங்களயே கேட்டுக்கங்க."

அவர் எனக்காக வரவில்லை, தன் வார்த்தைக்காகத்தான் வந்தார் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அன்று அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எந்த ஸ்கூலுங்க? எத்தினியாங் கிளாசுங்க?"

பெண்களைப் பற்றி அரைமணி நேர நிகழ்ச்சி எடுத்தவர்கள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்.

"மூணாங் கிளாசுங்க."