பொச்சுமட்டை போகும் வழி

பழுகாமத்துக்குப் போகும் வழியில் பஸ்ஸின் சில்லு காற்றுப் போய்விட, இறங்கி நிற்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் டீச்சரோடு வாய்க்கால் வரம்பில் வரிசையாக வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் சிவப்புப் பெயிண்ட் பூசிய தேங்காய்ப் பொச்சுமட்டை ஒன்று தண்ணீரில் மிதந்து வருகிறது. அதை மேலே வயல் வட்டையில் விட்டார்களாம். அது போகும் வழியே நடந்து, வயல் தண்ணீர் எப்படி வாவியைச் சேர்கிறது என்று கொப்பியில் படமாகக் கீற வேண்டும். இன்றைய விஞ்ஞானப் பாடம் அதுதான். சில்லு மாற்றும் வரை நானும் கூட நடக்கிறேன்.

வாவி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மட்டை முட்டி நிற்கிறது. யாரோ வாய்க்காலை மறித்துக் கிரவல் மண் கொட்டியிருக்கிறார்கள். கிரவல் மேட்டில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார் ஒரு காவலாளி.

“திரும்பிப் போங்க. இது தனியார் காணி. இஞ்ச வாய்க்கால் ஒண்டும் இல்ல.”

டீச்சர் வாய் திறப்பதற்குள் ஒரு சிறுமி குனிந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட மட்டையை எடுத்துக் காவலாளியிடம் நீட்டுகிறாள்.

“அப்ப இது நடந்தா வந்தது?”



“பிரச்சினை வராதா, டீச்சர்?” என்று மெதுவாகக் கேட்கிறேன்.

“வரட்டுமே. இப்பிடி மறிச்சா மாரியில வெள்ளம் இந்தப் புள்ளயள்ர வீட்டுக்குள்ளதானே வருது?” என்னை விட்டுப் பிள்ளைகளிடம் திரும்புகிறார். “கிரவலையும் கீறுங்க. எங்க துடங்குது, எங்க முடியுது எண்டு வடிவாக் குறிக்கணும்.”

முடியும் இடத்தைப் பார்க்க ஏறித்தானே ஆக வேண்டும்? மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி சிறுமி முதலில் ஏறுகிறாள். எல்லோரும் பின்னால் ஏறுகிறார்கள். காவலாளி எழுந்து கதிரையை ஒதுக்குகிறார்.

பஸ் ஹோர்ன் அடிக்கிறது. போனால் போகட்டும். நான் செருப்பைக் கழற்றுகிறேன்.