இறக்கையில் வளர்ந்த விபூதி

பதினெட்டு வருஷம் விமானத்துக்கு போல்ட் முடுக்கியவன் என்று மார்தட்டித்தான், 2008-இல் சிதம்பரம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் லேப் இன்ஸ்ட்ரக்டர் வேலை வாங்கினேன். அங்கே வெட்டவெளியில் ஒரு பழைய பயிற்சி விமானம். பறக்காது, மாணவர்கள் ஏறி இறங்கிப் படிப்பதற்கு. பரங்கிப்பேட்டைக் கடல் காற்றும் டிக்கெட் எடுக்காமல் அதில் ஏறிக்கொள்ளும்.

முதல் வகுப்பிலேயே முழங்கினேன். "அலுமினியமும் ஸ்டீலும் ஒட்டி நின்னு, நடுவுல உப்புத்தண்ணி பூந்துச்சுன்னா அதான் பேட்டரி. கரையறது அலுமினியம். அதனால தண்ணி பூராம அடைக்கற சீலன்ட் பசையில போல்ட்ட முக்கித்தான் போடணும்."

ஆயுத பூஜை வந்தது. பிரின்சிபால் இறக்கையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன சார், போல்ட்டெல்லாம் பழுப்பா கெடக்கு? பளபளன்னு மாத்துங்க."

அந்தப் பழுப்பு, அலுமினியத்தைக் காப்பாற்றும் காட்மியம் பூச்சு என்று சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க சார்" என்றேன். கடலூர் ஹார்டுவேர் கடையில் ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கினேன்.

"உங்க பேரன் காலத்துக்கும் துரு புடிக்காது மாமா" என்றார் கடைக்காரர். சத்தியமான வார்த்தை. போல்ட்டுக்குப் பிடிக்கவே இல்லை.

சீலன்ட் பிதுங்கினால் அழகு கெடுமே என்று அதையும் விட்டுவிட்டு வெறுமனே முடுக்கினேன். பூஜையன்று வாட்ச்மேன் கோவிந்தன் ஒவ்வொரு போல்ட் தலையிலும் விபூதி வைத்தார்.

மார்கழி. மறுநாள் பன்னிரண்டு மாணவர்கள் அந்த இறக்கைமேல் ஏறி நிற்கும் பிராக்டிகல். போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளையாகப் பொடி. பிரின்சிபால் பயபக்தியோடு தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். நானும் இட்டுக்கொண்டேன்.

அவர் போனதும், பரங்கிப்பேட்டை மாணவி நிலோஃபர் வந்தாள்.

"சார், ரெண்டு மாசமா மழ ஊத்துது. விபூதி கரையாம ஜாஸ்தியாவுதே? எங்கூட்ல கெடையாது, அதான் கேக்கறேன். விபூதி வளருமா சார்?"

ஒரு போல்ட்டில் ஸ்பானரை மாட்டித் திருப்பினேன். அரைச் சுற்றில் போல்ட் கையோடு வந்தது. துளை ஓரம் அலுமினியம் அப்பளமாய் உதிர்ந்தது.

"நீங்க சொன்ன பேட்டரி இதானா சார்?"

"இதாம்மா. கனெக்‌ஷன் குடுத்தது நான்தான்."

பிராக்டிகலை நிறுத்திவிட்டு பிரின்சிபாலிடம் ஓடினேன்.

"நாளைக்கு ஏறியிருந்தா?"

"புள்ளைங்க மொதல்ல கீழ வந்திருப்பாங்க சார். இறக்க பின்னாடியே வந்திருக்கும்."

அவர் கை மெல்ல நெற்றிக்குப் போனது. "அப்ப இது?"

"அலுமினியம் சார். நானும் வெச்சிருக்கேன்."

அரித்த தகட்டை வெட்டியெடுத்து, புதுத் தகட்டுக்கு பிரைமர் அடித்து, காட்மியம் பூசிய போல்ட்டுகளை சீலன்டில் முக்கிப் போட்டேன். காக்கா எச்சம் மாதிரிப் பிதுங்கி நின்றது. பிரின்சிபால் குனிந்து பார்த்து, "அப்படியே இருக்கட்டும்" என்றார்.

தம்பிகளே, பழுப்பாக, அசிங்கமாக இருக்கும் போல்ட்டை நம்புங்கள். பளபளப்பாகப் பாடம் நடத்துகிறவன் முடுக்கியதை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கோவிந்தன் விபூதித் தட்டோடு இறக்கைப் பக்கம் போனார். குறுக்கே போய் நின்று என் நெற்றியைக் காட்டினேன்.